துடுப்பு எடுக்கும் முன் காலைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் ஜனவரி மாதக் கூட்டத்தில், முட்டுக்காடு கயாக் பயணத்தை முன்னிட்டுப் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி பில், பார்க்கிங் என்று பெரிய விஷயங்களை எல்லாம் பேசி முடித்த பிறகு, செருப்பைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். பயண அறிவிப்பில் ‘தகுந்த காலணி அணிந்து வரவும்’ என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். அதற்கு வாட்ஸ்அப் குழுவில் 17 கேள்விகள் வந்தன. எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழைய வியாதி, 34 வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி வந்த கேள்விகள் இரண்டே இரண்டு. ‘ஹவாய் செருப்பு போதாதா?’, ‘வாக்கிங் ஷூ நனைந்தால் வீணாகிவிடுமே?’, ‘படகில் உட்காரத்தானே போகிறோம், வெறுங்காலோடு வந்தால் என்ன?’ இப்படி. ஓய்வு பெற்ற பிறகு என் மகள் பிடிவாதமாக இழுத்துப்போய் ஒரு கயாக்கில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து ஆறேழு வருஷமாக அவ்வப்போது துடுப்புப் போட்டு வருகிறேன். அந்தத் தகுதியில்தான் செயலாளர் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். படகில் உட்காரத்தானே போகிறோம் என்பது வாஸ்தவம். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கால் சும்மா நீட்டியபடிதான் இருக்கும். அந்த நேரத்துக்குக் காலணியே வேண்டாம். மிச்சமிருக்கும் கால் மணி நேரம் இருக்கிறதே, கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி, படகைப் பிடித்து ஏறி, நடுவில் மணல் திட்டில் படம் எடுக்க இறங்கி, திரும்பி வந்து சேற்றில் கால் வைத்து இறங்குவது, காயம் படுவது எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். அதனால் இந்தக் காலணியை வாங்கும்போது படகை மனதில் வைத்து வாங்கக் கூடாது. எங்கே இறங்கப் போகிறோம், தவறி விழுந்தால் எங்கே விழப் போகிறோம், அதை வைத்து வாங்க வேண்டும். நான் சொல்லப் போவது அவ்வளவும் இதன் விரிவுதான்.

நாம் போகும் முட்டுக்காட்டில் தண்ணீர் கழிமுகத் தண்ணீர். கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒரு சமயம் அடைத்திருக்கும், ஒரு சமயம் திறந்திருக்கும். அடியில் ஓரிடத்தில் மணல், பத்தடி தள்ளி முழங்கால் வரை சேறு. மேலே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதைவிடத் தெரியாத ஒன்று சிப்பி. பாலத்தூண், கருங்கல், முங்கிக் கிடக்கும் மரக்கட்டை, எது கிடைத்தாலும் அதில் ஒட்டி வளரும். நம் கழிமுகங்களில் வளரும் இந்த வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் மிதிக்கக் கூடாது. அதன் ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி. பக்கத்திலேயே கொட்டலசு என்று சின்னச் சின்ன எரிமலை வடிவத்தில் ஒட்டியிருக்கும். அது வெட்டாது, சுரண்டிவிடும். இவை போதாதென்று நம் மக்கள் போட்டுவிட்டுப் போகும் பாட்டில் ஓடு வேறு.

சென்ற வருஷம் நம் குடியிருப்பிலிருந்தே நாலு பேர் இப்படி ஒரு கழிமுகத்துக்குப் போனார்கள். அதில் ஒருவர் பெயர் சொல்ல வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ரப்பர் செருப்போடு இறங்கினார். சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் அந்தக் காலை வெறுமனே ஊன்றி ஏறி வந்தார். வலிக்கவே இல்லை. திரும்பும் வழியில் வேனில் கால்மிதியில் ரத்தம் பார்த்துவிட்டு, யாருக்கு அடி என்று அவரே கேட்டாராம். 20 வருஷமாகச் சர்க்கரை அவருக்கு. அந்த வெட்டு ஆற அஞ்சு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினால் தெரியாது, சூடு தெரியாது. காலிலிருந்து செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு, மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே சர்க்கரை உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, மூன்று வரிசை காணாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் தண்ணீரில் வெறுங்காலோ, கழன்றுபோகக்கூடிய செருப்போ, இரண்டுமே கூடாது. வெதுவெதுப்பான உப்புக் கலந்த தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இருக்கக்கூடும். காயம் வழியாக உள்ளே போகும். அபூர்வம்தான். ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம், பரவும் வேகமும் அதிகம். கழிமுகத்தில் பட்ட காயம் சிவந்து பரவினால், கொப்புளம் வந்தால், காய்ச்சல் அடித்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே போய், காயம் எந்தத் தண்ணீரில் பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழை வெள்ளம் வடிந்த புதிதில் ஏரியிலும் ஆற்றிலும் துடுப்புப் போடப் போகிறவர்களுக்கு இதே மாதிரி எலிக்காய்ச்சலும் காயம் வழியாக வரும். இரண்டாம் மாடி டாக்டரம்மா முன் வரிசையில்தான் இருக்கிறார், தலையை ஆட்டுகிறார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

‘மீனவர்கள் எல்லாம் வெறுங்காலோடுதானே போகிறார்கள்?’ என்று ஒரு அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கோவளம் கரையில் போய்ப் பாருங்கள். அந்தக் கால்கள் அஞ்சு வயசிலிருந்து மணலிலும் பாறையிலும் பழகியவை. எங்கே சிப்பி, எங்கே சேறு என்று அவர்களுக்கு வீட்டு முற்றம் போலத் தெரியும். அப்படியும் வெட்டுப்படாமல் இல்லை, அவர்கள் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை, அவ்வளவுதான். மொசைக் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும் நம் கால் அதற்குப் போட்டியிடக் கூடாது.

சரி, எதைப் போடுவது?

முதலில் ஹவாய் செருப்பு. கூடாது. நான் சொன்ன சேறு ஒரு காரணம். ஈரத்தில் கட்டைவிரல் இடுக்கில் பிடிப்பு இருக்காது, படகில் ஒரு கால் கரையில் ஒரு கால் என்று நிற்கும்போது பாதம் செருப்பின் மேலேயே வழுக்கும். படகு கவிழ்ந்தால் செருப்பு தனியே மிதந்து போகும், அதைப் பிடிக்க ஒருவர் நீந்துவார், அவரைப் பிடிக்க இன்னொருவர் நீந்துவார். குதிகாலைப் பின்னால் பிடிக்காத எதுவும் தண்ணீருக்கு ஆகாது, இதுதான் முதல் விதி. கிராக்ஸ் வகையும் இதில் அடக்கம். அது 2002இல் வந்தபோது படகுக்காரர்களுக்கான காலணி என்றுதான் விற்றார்கள், மிதக்கும், தண்ணீர் தங்காது, எல்லாம் சரி. பின்வாரைக் குதிகாலுக்குப் பின்னால் மாட்டினால் படகுத்துறையில் நடக்கப் போதும். ஆனால் பாதத்தில் தொளதொளவென்று இருப்பதால் சேற்றுக்கும் ஓடும் தண்ணீருக்கும் அது உதவாது.

அடுத்தது வார் வைத்த சாண்டல். இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் ஆற்றில் ராஃப்ட் வழிகாட்டியாக இருந்த மார்க் தாட்சர் என்பவர், ரப்பர் செருப்பு ஆற்றோடு போவதைப் பார்த்துச் சலித்து, பின்னால் ஒரு வெல்க்ரோ வாரைச் சேர்த்தார். 1984இல் டேவா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டு திரியும் ஸ்போர்ட்ஸ் சாண்டலுக்கு அதுதான் மூத்த அண்ணன். காலில் நிற்கும், சீக்கிரம் காயும், வேறு இடத்துக்கும் போட்டுப் போகலாம். குறை என்னவென்றால் விரல்கள் திறந்து கிடக்கும், பாதத்துக்கும் அட்டைக்கும் நடுவில் சரளைக்கல் புகும். மரத்துப்போன பாதத்துக்குள் ஒரு கல் அரை மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நரம்பு நன்றாக இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டுக்கு இது போதும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, நான் சிபாரிசு செய்வது, தண்ணீர் ஷூ என்று விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் வலைத்துணி ஷூ. பாதத்தை முழுக்க மூடும், தண்ணீர் வலை வழியாக வடிந்துவிடும், எடை இல்லை. இதிலும் இரண்டு தரம் உண்டு. சாக்ஸ் மாதிரி மெல்லிய அடியோடு விலை குறைவாகக் கிடைப்பது நீச்சல் குளத்துக்கு. சிப்பி அதைச் சாதாரணமாகக் கிழித்துவிடும். கடையில் நின்று அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் வெளியிலிருந்து அழுத்துங்கள், உள்ளே வைத்த கைக்கு விரல் நுனி துல்லியமாகத் தெரிந்தால் அதை வைத்துவிடுங்கள். இரண்டு கையால் வளைத்துப் பாருங்கள், முன்பாதத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. அடியில் ஆழமான பெரிய கட்டை வேண்டாம், சேறு அடைத்துக்கொள்ளும். நெருக்கமாக, மெல்லிய கீறல்கள் உள்ள அடிதான் ஈரப்பலகையில் பிடிக்கும். இந்தக் கீறல் கண்டுபிடிப்பும் படகுக்காரர் ஒருவருடையதுதான். பால் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர், தன் நாய் பனிக்கட்டி மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் பாதத்தில் இருந்த வெடிப்புகளை ரப்பரில் கத்தியால் கீறிப் பார்த்து, 1935இல் படகு ஷூ செய்தார். நாய் வளர்ப்பவர்கள் மேல் புகார் எழுதும் அன்பர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அளவு பார்க்க மாலையில் போங்கள், பாதம் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். நனைந்தால் துணி சற்றுத் தளரும், அதனால் காயாமல் பிடிப்பாக இருப்பதே சரி, ஆனால் விரல் நசுங்கக் கூடாது. லேஸ் வைத்ததைவிட வெல்க்ரோ அல்லது இழுத்துக் கட்டும் கயிறு நல்லது. லேஸ்தான் இருக்கிறது என்றால் முடிச்சுக்கு மிஞ்சிய நுனியை உள்ளே செருகிவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

புதிதாக வாங்க மனசில்லையா? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய வெள்ளை கான்வாஸ் ஷூ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும், மற்றபடி நம் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். வாக்கிங் ஷூ வேண்டாம். அதன் பஞ்சு அடிப்பாகம் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பையும் கொண்டுவர வேண்டாம், அது நிலத்துக்கு. பருத்தி சாக்ஸும் வேண்டாம், ஈரமான பருத்தி உரசி உரசிக் கொப்புளம் போடும்.

படகுக்குள் கால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டுக்காட்டில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்காரும் கயாக், கால் வெளியில்தான் இருக்கும், பயமில்லை. உள்ளே காலை நுழைத்து உட்காரும் கயாக் வேறு. அதில் முன்பாதம் மிதிகட்டையில் அழுந்தும், குதிகால் தரையில் பதியும், மேலே இடம் விரல் அளவுதான். பருத்த ஷூ போட்டவர் உள்ளே போய்விடுவார், கவிழ்ந்தால் வெளியே வருவது கஷ்டம். தொங்கும் லேஸ் மிதிகட்டையில் மாட்டும் என்பதால்தான் நுனியைச் செருகச் சொன்னேன். கேனோ என்பது நம் ஊர் வள்ளம் மாதிரி திறந்த படகு, ஒரு பக்கத் துடுப்பு. அதில் பலர் முழங்காலிட்டு, பாதத்தைப் பின்னால் இருக்கையின் அடியில் மடித்து வைத்துத் துடுப்புப் போடுவார்கள். அங்கே விறைப்பான அட்டை உள்ள ஷூ விரலை ஒடித்துவிடுவது போல வலிக்கும். பெரிய ஷூவாக இருந்தால் இருக்கையின் அடியில் சிக்கிக்கொள்ளும், படகு கவிழும்போது கால் வராது. கேனோவுக்குப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒருமுறை முழங்காலிட்டுப் பாருங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம்.

கோடையில் ரிஷிகேஷ் போக மூன்று குடும்பங்கள் திட்டம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு மட்டும் கொஞ்சம். அங்கே கங்கையில் ஓடுவது இமயத்தின் பனி உருகிய தண்ணீர், கரையில் வெயில் கொளுத்தினாலும் பாதம் விறைக்கும். வலைத்துணி ஷூ அங்கே சுகப்படாது. நியோபிரீன் என்ற ரப்பர் நுரையில் செய்த பூட்டி கிடைக்கிறது. அந்த நுரைக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகத்தான் செய்யும், அதை நம் உடம்புச் சூடே வெதுவெதுப்பாக்கிவிடும். 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்று தடிமன் சொல்லி விற்பார்கள். கயாக்கைக் கண்டுபிடித்த ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்கள் இதையே சீல் தோலில் சாதித்தார்கள். தைக்கும்போது ஊசி தோலை முழுவதும் துளைத்து மறுபக்கம் வராமல் பாதி ஆழத்திலேயே தைத்துக்கொண்டு போவார்கள், தண்ணீர் நுழையத் துளையே இருக்காது. அந்தத் தையலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் ஓடும் ஆற்றில் குளிரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. படகிலிருந்து விழுந்தால் நம் இயல்பு உடனே காலை ஊன்றி நிற்பது. வேகமான ஆற்றில் அதுதான் உயிரை வாங்கும். பாதம் இரண்டு பாறைக்கு நடுவில் சொருகிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் உடம்பை முன்னால் தள்ளி அமுக்கிவிடும். இடுப்பளவு ஆழத்திலேயே இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள ஓட்டத்தில் நிற்க முயலக் கூடாது. மல்லாந்து மிதந்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஷூவும் இதிலிருந்து காப்பாற்றாது. பாதத்தோடு ஒட்டி, தொங்கல் இல்லாமல் இருந்தால் ஆபத்தைக் கூட்டாமல் இருக்கும், அவ்வளவே. வாய்க்கு வந்தபடி கிண்டலாகப் பேசும் வழிகாட்டிகூட இந்த ஒன்றைச் சொல்லும்போது முகம் மாறிவிடும். கவனித்துக் கேளுங்கள்.

கடலைப் பற்றி இரண்டே வார்த்தை. ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும். அதன் முள்ளை ஷூ முழுக்கத் தடுக்காது. குத்திவிட்டால் தாங்கும் அளவு வெந்நீரில் காலை வைப்பது வலியைக் குறைக்கும். சர்க்கரை உள்ளவர் தன் காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது, கூட இருப்பவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு மருத்துவமனை.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது. வேனில் ஏறும் முன்பே நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, காய்ந்த செருப்புக்கு மாறிவிடுங்கள். ஈரத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சேற்றுப்புண் நிச்சயம். மாற்றுச் செருப்பு வைக்க ஆளுக்கொரு பை வேண்டும். பாதத்தின் அடியை நாமே பார்க்க முடியாதவர்கள், குனிய முடியாதவர்களும் சேர்த்தி, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவன் மனைவி ஒருவர் பாதத்தை ஒருவர் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்பதையும் பயணத்துக்கு முன்பே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஷூவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள், மொட்டை மாடி வெயிலில் போட்டால் ஒட்டிய பசை விட்டுப்போகும்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். பெயர் கொடுத்த 26 பேரும் போட்டு வரப் போகும் காலணியைக் கொண்டு வாருங்கள். பக்கெட்டில் தண்ணீர் வைத்திருப்பேன், நனைத்துப் போட்டு ஈரத் தரையில் பத்தடி நடந்து காட்ட வேண்டும். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள், அவர்கள் கால் மூன்று மாதத்தில் வளர்ந்திருக்கும், போன தீபாவளிக்கு வாங்கிய அளவை நம்ப வேண்டாம். பி பிளாக்கில் இரண்டு ஜோடி கான்வாஸ் ஷூ, 7 மற்றும் 9ஆம் அளவு, உபரியாக இருப்பதாகச் சொன்னார்கள். வேண்டுபவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள், முதலில் வருபவருக்கு முதலில்.